முதலில் எங்கே போவது? கிரியோனின் ஒரு பகல்

ஊர்ப் பெரியவர்கள் சொன்னது இரண்டே வேலை. பாறைக் குகையில் அடைத்திருக்கும் பெண்ணை வெளியே விடு. வெட்டவெளியில் கிடக்கும் பிணத்துக்குச் சமாதி கட்டு. சொன்ன வரிசையும் அதுதான்: உயிரோடு இருப்பவள் முதலில், செத்தவன் அப்புறம். தீப்ஸ் நகரத்து அரசன் கிரியோன் சரி என்றான். ஆட்களைக் கூப்பிட்டு, கையில் கோடரியோடு ஓடச் சொன்னான். "கட்டிப்போட்டவன் நான், நானே போய் அவிழ்த்துவிடுகிறேன்" என்று தானும் கிளம்பினான். கிளம்பியவன் முதலில் போனது பிணத்திடம்.

நாய்கள் குதறியிருந்த உடலைக் கழுவினார்கள். புதிதாக ஒடித்த கிளைகளை அடுக்கி எரித்தார்கள். அவன் பிறந்த மண்ணையே குவித்து உயரமாக மேடு எழுப்பினார்கள். எல்லாம் முறைப்படி, ஒரு குறையும் இல்லாமல். அதன் பிறகுதான் குகைப் பக்கம் நடந்தார்கள். அங்கே அந்தப் பெண் மெல்லிய துணியைச் சுருக்காக்கித் தொங்கிக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு கிரியோனின் மகன் அழுதுகொண்டிருந்தான். சற்று நேரத்தில் மகனும் இல்லை. அவன் உடலோடு வீட்டு வாசலுக்கு வந்தபோது, மனைவி செத்த சேதி காத்திருந்தது.

கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸ் எழுதிய 'ஆன்டிகனி' நாடகத்தின் கடைசிப் பகுதி இது. கி.மு. 442 வாக்கில் ஏதென்ஸில் அரங்கேறியிருக்கும் என்பது பொதுவான கணக்கு. மொத்தம் 1353 அடிகள். ஒரு பகலில் நடந்து முடியும் கதை. பேர் ஆன்டிகனியுடையதாக இருந்தாலும், அவள் குகைக்குள் போன பிறகு நாடகத்தில் முந்நூறு, நானூறு அடிகள் மிச்சம் இருக்கின்றன. அந்த மிச்சம் முழுக்க கிரியோனுடையது. நான் இங்கே எடுத்துக்கொண்டதும் அவனைத்தான்.

காரணம் இருக்கிறது. கிரேக்கத் துன்பியல் நாடகம் என்றாலே நமக்கு முதலில் நினைவுக்கு வருவது விதி. ஈடிபஸ் கதை அப்படிப் பதிந்துபோயிருக்கிறது: அப்பாவைக் கொன்று அம்மாவை மணப்பான் என்று பிறக்கும் முன்பே தலையில் எழுதியாயிற்று, எங்கே ஓடினாலும் எழுத்து துரத்தி வந்து பிடித்தது. ஆனால் கிரியோனுக்கு அப்படி ஒரு ஆரூடமும் கிடையாது. மகனை இழப்பாய் என்று டெல்ஃபி கோயிலின் குறிசொல்லி அவனுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. ஈடிபஸின் பாட்டன் லாப்டகஸ் வம்சத்தின் சாபம், ஈடிபஸின் மகளான ஆன்டிகனியின் ரத்தத்தில் இருக்கிறது, அவன் ரத்தத்தில் இல்லை. அவன் ஈடிபஸின் மனைவி யொகாஸ்டாவின் உடன்பிறந்தவன், மெனீசியஸின் மகன். நம் உறவுமுறையில் சொன்னால் ஆன்டிகனிக்குத் தாய்மாமன். அவன் மகன் ஹேமோன் அவளுக்கு மாமன் மகன், மணம் பேசி வைத்தவன்.

ஆக, இந்த மனிதன் எப்படி விழுந்தான் என்று பார்க்க விதியை ஒரு பக்கம் ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த ஒரு பகலில் யார் யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், அவன் என்ன பதில் சொன்னான் என்று வரிசையாகப் பார்த்தாலே போதும்.

விடிந்தபோது ஊர் இருந்த நிலை

தீப்ஸ் நகரத்துக்கு ஏழு வாசல். ஈடிபஸின் இரண்டு மகன்களில் எடியோக்ளிஸ் உள்ளே அரசாண்டான். பாலினைசிஸ் ஆர்கோஸ் நாட்டுப் படையைத் திரட்டிக்கொண்டு சொந்த ஊர்மேல் வந்தான். அண்ணன் தம்பி இருவரும் ஒருவர் கையால் ஒருவர் செத்தார்கள். இரவோடு இரவாக ஆர்கோஸ் படை ஓடிப்போனது. விடிந்தபோது அரச குடும்பத்தில் மிஞ்சிய ஆண் என்று தாய்மாமன் கிரியோன் அரியணைக்கு வந்தான்.

அவன் முதல் ஆணை: ஊரைக் காத்த எடியோக்ளிஸுக்கு முழு மரியாதையோடு அடக்கம். ஊரைக் கொளுத்த வந்த பாலினைசிஸை யாரும் புதைக்கவும் கூடாது, ஒப்பாரி வைக்கவும் கூடாது. பறவையும் நாயும் தின்னட்டும். மீறினால் ஊர்நடுவே கல்லால் அடித்துக் கொலை.

இன்றைக்கு நமக்கு இது கொடூரமாகப் படுகிறது. அன்று அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எடுத்த எடுப்பில் அப்படிப் பட்டிருக்க வேண்டியதில்லை. ஏதென்ஸிலேயே துரோகிகளையும் கோயில் கொள்ளையரையும் ஊரைச் சுற்றிய அட்டிகா மண்ணில் புதைக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. சலாமிஸ் போரில் ஊரைக் காப்பாற்றிய தெமிஸ்டோக்ளிஸே பின்னாளில் துரோகக் குற்றத்துக்கு ஆளானார். அவர் எலும்புகளை அட்டிகாவுக்குக் கொண்டுவந்து ரகசியமாகப் புதைத்ததாக உறவினர்கள் சொன்னார்கள் என்று வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதுகிறார். ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு வழி இருந்தது: எல்லைக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைக்கலாம். கிரியோன் அந்த வழியை அடைத்தான். பிணத்தை ஊர் எல்லைக்குள்ளேயே போட்டு, சுற்றிக் காவலும் வைத்தான். தண்டனை செத்தவனைத் தாண்டிப் போய்விட்டது.

பெரியவர்கள் முன் அவன் பேசும் முதல் பேச்சு நல்ல பேச்சு, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். ஒரு மனிதனின் உள்ளம் என்ன என்பது அவன் அதிகாரத்தில் உட்காரும்வரை தெரியாது என்கிறான். ஊரைவிட நண்பனைப் பெரிதாக நினைப்பவனை ஒரு பொருட்டாகவே மதிக்க மாட்டேன் என்கிறான். ஊர் என்பது நம்மையெல்லாம் சுமக்கும் கப்பல், அது நிமிர்ந்து ஓடினால்தான் நமக்கு நண்பர்களே உண்டு என்கிறான். சுமார் நூறு ஆண்டுகள் கழித்து, கி.மு. 343இல், ஏதென்ஸின் பேச்சாளர் டெமாஸ்தனிஸ் நீதிமன்றத்தில் இந்த அடிகளை அப்படியே வாசிக்கவைத்து எதிராளியை மடக்கினார். எதிராளி ஏஸ்கினிஸ் முன்பு நடிகர். கிரியோன் வேடம் கட்டியவர். 'நீ மேடையில் பேசிய வசனம்தானே, அதன்படி ஏன் நடக்கவில்லை?' என்பதே குற்றச்சாட்டு. நாட்டுப்பற்றுக்கு மேற்கோள் காட்டத் தகுந்த பேச்சு அது. கிரியோனே தன்னைப் பற்றி எடுத்துக்கொடுத்த அளவுகோலும் அதுதான்: அதிகாரத்தில் உட்காரவை, தெரியும்.

புழுதி

முதலில் வந்தவன் பிணத்துக்குக் காவல் இருந்த சிப்பாய். வரும் வழியெல்லாம் நின்று நின்று, திரும்பிப் போய்விடலாமா என்று மனதோடு சண்டை போட்டு, கிட்டே இருந்த தூரத்தை நீளமாக்கிக்கொண்டு வந்ததாக அவனே சொல்கிறான். காவலர்கள் சீட்டுப் போட்டதில் இவன் பேர் விழுந்திருக்கிறது. கெட்ட சேதி கொண்டுவருபவனை யாருக்கும் பிடிக்காது என்று தெரிந்தேதான் வருகிறான். சேதி இதுதான்: யாரோ பிணத்தின் மேல் மெல்லிசாக மண் தூவிவிட்டுப் போயிருக்கிறார்கள். குழி இல்லை, மண்வெட்டித் தடம் இல்லை, வண்டிச் சக்கரத் தடமும் இல்லை.

பெரியவர்கள் தயங்கித் தயங்கி, இது தெய்வச் செயலாக இருக்குமோ என்கிறார்கள். "எனக்குக் கோபம் வருவதற்குள் வாயை மூடுங்கள்" என்கிறான் கிரியோன். அவனுக்கு உடனே தோன்றியது பணம். யாரோ காசு கொடுத்துக் காவலர்களை வாங்கிவிட்டார்கள். காசுதான் ஊரைக் கெடுக்கிறது, குடும்பத்தைக் கெடுக்கிறது என்று அதற்கு ஒரு பிரசங்கமே செய்கிறான். செய்தவனைப் பிடித்துக் கொண்டுவராவிட்டால் உங்களையே உயிரோடு தொங்கவிடுவேன் என்று மிரட்டி அனுப்புகிறான்.

காவலர்கள் திரும்பிப் போய், மூடியிருந்த மண்ணைத் துடைத்தெடுத்தார்கள். அழுகத் தொடங்கிய உடலின் நாற்றம் வராத பக்கமாகப் பார்த்து மேட்டில் உட்கார்ந்தார்கள். உச்சி வெயிலில் திடீரென்று ஒரு சூறைக்காற்று கிளம்பி வானத்தையே புழுதியால் நிரப்பியது. கண்ணை மூடிக்கொண்டு அது ஓயும்வரை இருந்தார்கள். கண்ணைத் திறந்தபோது அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். குஞ்சுகளைக் காணாமல் காலியான கூட்டைப் பார்த்த பறவைபோல் கத்தினாளாம். வறண்ட மண்ணைக் கையால் அள்ளிப் போட்டாள். வெண்கலச் செம்பைத் தூக்கி மூன்று முறை நீர் வார்த்தாள். பிடித்தபோது அவள் திமிறவில்லை.

நம் வீடுகளில் பிடிமண் போடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கை புரியும். அவள் செய்தது அவ்வளவுதான், ஒரு பிடி மண். அதற்கு மேல் அவளிடம் எதுவும் இல்லை.

"அறிவிப்பு தெரியுமா?" என்று கிரியோன் கேட்கிறான். "தெரியும். எப்படித் தெரியாமல் போகும்?" என்கிறாள். எழுதாமல் இருக்கிற, என்றைக்கு வந்தது என்று யாருக்கும் தெரியாத தெய்வச் சட்டங்களை உன் அறிவிப்பு மீற முடியாது என்கிறாள். இந்த இடத்தில் கிரியோன் வாயிலிருந்து வரும் சொல்லைக் கவனிக்க வேண்டும். அவன் அவளை 'ஹிப்ரிஸ்' செய்தவள் என்கிறான். மீறியது ஒரு ஹிப்ரிஸ், மீறிவிட்டுப் பெருமை பேசுவது இன்னொரு ஹிப்ரிஸ். இந்தச் சொல்லை நாம் 'ஆணவம்' என்று மொழிபெயர்த்து மனசுக்குள் இருக்கும் ஒரு குணமாக்கிவிட்டோம். ஏதென்ஸில் அது வழக்குத் தொடுக்கக்கூடிய குற்றம். இன்னொருவரைக் கேவலப்படுத்தும் செயல். பிணத்தை நாய்க்குப் போட்ட கை தன்னுடையதாக இருக்கும்போது, கிரியோன் அந்தச் சொல்லை அவள் மேல் வீசுகிறான்.

அப்புறம் சொல்கிறான்: இவள் இதில் ஜெயித்துத் தப்பிவிட்டால் நான் ஆண் இல்லை, இவள்தான் ஆண். எனக்கு வழக்கு தடம் மாறும் இடம் இதுதான். அதுவரை பேச்சு ஊரைப் பற்றியது. இந்த அடியிலிருந்து பேச்சு அவனைப் பற்றியது.

மகன் வந்தான்

ஹேமோன் வரும் காட்சி சுமார் 135 அடிகள். இந்த நாடகத்தில் நான் மீண்டும் மீண்டும் திரும்பிப் போகும் இடம் இது. அப்பாவிடம் எப்படிப் பேச வேண்டும் என்று யோசித்து யோசித்து வந்த பிள்ளையின் பேச்சு.

"அப்பா, நான் உங்கள் பிள்ளை" என்றுதான் ஆரம்பிக்கிறான். எந்தக் கல்யாணமும் எனக்கு உங்கள் வழிகாட்டலைவிடப் பெரிதில்லை என்கிறான். கிரியோன் மகிழ்ந்துபோய், கீழ்ப்படிதலைப் பற்றி நீளமாகப் பேசுகிறான். கேட்டு முடித்த பிறகு ஹேமோன் மெதுவாகச் சேதியை எடுக்கிறான். உங்கள் முகத்தைப் பார்த்தால் ஊரில் எவனுக்கும் பேச வராது. எனக்கு இருட்டில் பேசுவது காதில் விழுகிறது. அந்தப் பெண்ணுக்காக ஊரே அழுகிறது. அண்ணன் உடலை நாய்க்கு விடாதவளுக்குப் பொன்னாலல்லவா மரியாதை செய்ய வேண்டும் என்கிறார்கள்.

அதோடு இரண்டு படங்களைக் காட்டுகிறான். வெள்ளம் வரும்போது கரையோரம் வளைந்துகொடுக்கும் மரம் தன் சின்னக் கிளையைக்கூடக் காப்பாற்றிக்கொள்கிறது. விறைத்து நிற்பது வேரோடு போகிறது. பாய்மரக் கயிற்றை இறுக்கிப் பிடித்துத் தளர்த்தவே மாட்டேன் என்பவன் கப்பலைக் கவிழ்த்து, மிச்சப் பயணத்தைத் தலைகீழாகச் செய்கிறான். காலையில் ஊரைக் கப்பல் என்று சொன்னது அப்பா. அதே கப்பலில் கயிறு எங்கே இருக்கிறது என்று மகன் காட்டுகிறான்.

கிரியோனுக்குக் காதில் விழுவது வேறு. இந்த வயதில் இவனிடமா நான் பாடம் படிப்பது? அதன் பிறகு பேச்சு ஓரோர் அடியாகச் சுருங்கி, வெட்டுவதும் மறுவெட்டுமாகப் போகிறது. நான் எப்படி ஆள வேண்டும் என்று ஊரா எனக்குச் சொல்வது? ஒருவனுக்குச் சொந்தமாக இருப்பது ஊரே இல்லை, அப்பா. ஊர் ஆள்பவனுடையது இல்லையா? ஆளில்லாத பாலைவனத்தில் நீங்கள் தனியாக நன்றாக ஆளலாம்.

இவன் பெண் பக்கம் சேர்ந்துவிட்டான் என்கிறான் கிரியோன். பெண்ணுக்கு அடிமை என்கிறான். சிப்பாய் சேதி சொன்னால் காசு வாங்கினவன், மகன் சொன்னால் பெண்ணுக்கு அடிமை. சொல்லப்பட்டது என்ன என்று பார்ப்பதற்கு முன்பே, சொன்னவனை யார் வாங்கியது என்று கேட்கிறான். கிரியோனின் ஆணவம் என்று தனியாக ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இந்தப் பழக்கத்தைத்தான் காட்டுவேன்.

"அவள் சாவாள். செத்து, இன்னொருவரையும் அழிப்பாள்" என்கிறான் ஹேமோன். கிரியோன் அதைத் தனக்கு விடும் மிரட்டலாக எடுத்துக்கொள்கிறான். மகன் தன்னைப் பற்றிச் சொல்கிறான் என்பது அவன் புத்தியிலேயே ஏறவில்லை. இவன் கண் முன்னாலேயே அவளைக் கொல்லுங்கள் என்று கத்துகிறான். இனி என் முகத்தைப் பார்க்க மாட்டீர்கள் என்று ஹேமோன் போய்விடுகிறான்.

வளைந்த இடங்கள்

கிரியோனைப் பலரும் வளையாத பாறை என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஹேமோன் போன அடுத்த நிமிடமே அவன் வளைகிறான்.

ஆத்திரத்தில் ஆன்டிகனியையும் அவள் தங்கை இஸ்மெனியையும் சேர்த்தே கொல்வதாகச் சொல்லியிருந்தான். பெரியவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்கள்: இரண்டு பேரையுமா? "கை வைக்காதவளை இல்லை. நீங்கள் சொன்னது சரி" என்கிறான். ஒரு கேள்வியில் ஓர் உயிர் பிழைத்தது. அடுத்த மூச்சில் தண்டனையையும் மாற்றுகிறான். கல்லெறி இல்லை, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் பாறைக் குகைக்குள் உயிரோடு அடைப்பது, ஊருக்குத் தீட்டு ஒட்டாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் சாப்பாடு வைப்பது. கல்லெறிந்து கொல்ல ஊர்க்காரர்களின் கை வேண்டும். அந்தக் கைகள் எழுமா என்ற சந்தேகம் மகனின் பேச்சால் வந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். நாடகம் அதைச் சொல்லவில்லை; ஆனால் மாற்றம் வரும் இடம் அதுதான்.

அவனுக்குக் காது இருந்தது. மனதை மாற்றவும் தெரிந்திருந்தது. மாற்றியதை மாற்றம் என்று ஒத்துக்கொள்ள மட்டும் முடியவில்லை. தான் பின்வாங்கியதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியிருந்தால், அடுத்த அடி பின்னால் வைப்பது இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

ஆன்டிகனி கடைசியாக நடந்து போகும் காட்சியில் அவள் புலம்புகிறாள். கல்யாணப் பாட்டுக் கேட்காதவள், பாதாளத்து அக்கெரோன் ஆற்றை மணக்கப் போகிறவள் என்று தன்னைச் சொல்கிறாள். பெரியவர்கள் அவளையும் விடுவதில்லை. தன்னிச்சையான உன் கோபமே உன்னை அழித்தது என்று முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். உண்மைதான், அவளிடமும் பிடிவாதம் இருக்கிறது. கூட நிற்கிறேன் என்று வந்த தங்கையை அவள் தள்ளிவிட்ட விதம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனால் விலை என்ன என்று அவள் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு வந்தாள்.

அந்தக் காட்சியில் கிரியோன் உள்ளே வந்து காவலர்களைத் திட்டுகிறான். ஏன் இவ்வளவு மெதுவாக? சீக்கிரம் கொண்டுபோங்கள், தாமதித்தால் நீங்களும் அழ வேண்டியிருக்கும். அடைக்கும்போது அவனுக்கு இருந்த அவசரம் இது.

குருடர் வந்தார்

ஊரின் குறிசொல்லி டைரீசியஸ் ஒரு சிறுவன் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார். கிரியோன் இதுவரை அவர் பேச்சைத் தட்டியதில்லை; அவனே அதைச் சொல்கிறான். அதனால்தான் ஊர்க் கப்பலை நேராக ஓட்டினாய் என்கிறார் அவர்.

அவர் சொல்வது பார்வையற்றவர் காதாலும் மூக்காலும் அறிந்த சேதி. பறவைகள் கூடும் இடத்தில் உட்கார்ந்திருந்தபோது வெறிபிடித்த கூச்சல் கேட்டது. ஒன்றையொன்று நகத்தால் கிழிப்பது சிறகடிப்பிலேயே தெரிந்தது. பயந்துபோய்ப் பலி கொடுத்துப் பார்த்தால் தீ பற்றவில்லை. தொடையெலும்பில் சுற்றிய கொழுப்பு உருகிச் சாம்பலில் வழிந்து புகைந்தது. ஈடிபஸ் மகனின் சதையை நாயும் பறவையும் கொண்டுவந்து போட்டு, ஊரில் உள்ள பீடமெல்லாம் தீட்டுப்பட்டுவிட்டது. தெய்வங்கள் நம் பலியை ஏற்பதில்லை.

அப்புறம் அவர் சொல்வது ஒரு தாத்தா பேரனிடம் சொல்வதுபோல் இருக்கிறது. தப்புச் செய்வது எல்லா மனிதருக்கும் பொது. செய்த பிறகு பிடிவாதமாக நிற்காமல் சரிசெய்துகொள்பவன் மூடன் இல்லை. செத்தவனுக்கு விட்டுக்கொடு. செத்தவனைத் திரும்பக் கொல்வதில் என்ன வீரம்?

கிரியோனின் பதில் நமக்குத் தெரிந்த பதில்தான். காசு. எல்லோரும் வில்லாளிகள்போல் என்னையே குறிவைக்கிறீர்கள் என்கிறான். சார்டிஸ் நகரத்து வெள்ளிப்பொன்னை வாங்கிக்கொள்ளுங்கள், இந்தியாவின் தங்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள், அவனைப் புதைக்க விடமாட்டேன் என்கிறான். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸ் மேடையில் நம் பக்கத்துத் தங்கத்தின் பேர் கேட்கிறது, அதுவும் லஞ்சத்துக்கு உவமையாக. ஒவ்வொரு முறையும் என் கண் அங்கே ஒரு நொடி நிற்கும். ஆனால் அடுத்த அடி அதைவிடப் பெரிது. தெய்வங்களின் அரசன் ஸீயஸின் கழுகுகள் அந்தப் பிணத்தைப் பிய்த்து ஸீயஸின் சிம்மாசனம் வரைக்கும் தூக்கிப் போனாலும் புதைக்க விடமாட்டேன் என்கிறான்.

அப்போதுதான் டைரீசியஸ் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிறார். சூரியன் அதிக வட்டம் சுற்றுவதற்குள், பிணத்துக்குப் பதிலாக நீ பெற்ற பிணத்தைக் கொடுப்பாய். மேலே இருக்க வேண்டியவளை உயிரோடு கீழே தள்ளினாய். கீழே போக வேண்டியவனை மேலே வைத்துக்கொண்டாய். சொல்லிவிட்டுச் சிறுவனிடம் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்.

இதை விதி என்று எடுத்துக்கொள்ளலாமா? நாடகத்தில் கிரியோனைப் பற்றி வரும் ஒரே ஆரூடம் இதுதான். அது வருவதும் எல்லாச் செயலும் முடிந்த பிறகு. ஈடிபஸுக்கு ஆரூடம் பிறப்புக்கு முன் வந்தது. இவனுக்கு வந்தது, அன்று காலையிலிருந்து அவன் செய்த காரியங்களுக்கான பாக்கிச் சீட்டு.

கோடரிகள்

கிரியோன் கலங்கிப்போகிறான். விட்டுக்கொடுப்பது பயங்கரம், எதிர்த்து நின்று அழிவதும் பயங்கரம். "என்ன செய்ய வேண்டும்? சொல்லுங்கள், கேட்கிறேன்" என்கிறான். பெரியவர்கள் அந்த இரண்டு வேலையைச் சொல்கிறார்கள். நீயே போ, ஆளை அனுப்பாதே, சீக்கிரம் போ என்கிறார்கள்.

அவன் போகிறான். பெரியவர்கள் டயோனிசஸ் தெய்வத்தை அழைத்து ஆனந்தமாகப் பாடுகிறார்கள். நெருப்பை மூச்சாக விடும் நட்சத்திரங்களின் கூத்துக்குத் தலைவனே, வந்து ஊரைக் குணப்படுத்து என்று. பாட்டு முடிகிறது, தூதன் வருகிறான்.

கிரியோன் ஏன் முதலில் பிணத்திடம் போனான்? நாடகம் காரணம் சொல்லவில்லை. இடம் வழியில் இருந்தது என்று சொல்வோர் உண்டு. எனக்கு அது போதவில்லை. டைரீசியஸ் பேச்சில் பாதிக்குமேல் பீடம், தீட்டு, பலி. கிரியோனைப் பயமுறுத்தியதும் அந்தப் பக்கம்தான். அரசனாக அவன் செய்த தவறு தெய்வக் காரியத்தில் நடந்த முறைகேடு என்று புரிந்துகொண்டான். அதைச் சரிசெய்ய முறைப்படி போனான்: வழிச்சந்தித் தெய்வத்துக்கும் பாதாளத்து அரசனுக்கும் பிரார்த்தனை, புனித நீராட்டு, தீ, மண்மேடு. குகைக்குள் ஒரு பெண் இருட்டில் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது கணக்கில் இரண்டாவதாக வந்தது. காலையில் ஊருக்கும் சட்டத்துக்கும் பின்னால் மனிதர்களை நிறுத்தினான். மனம் மாறிய பிறகும் சடங்குக்குப் பின்னால்தான் நிறுத்தினான்.

நேராகக் குகைக்குப் போயிருந்தால் அவள் பிழைத்திருப்பாளா? அவள் எப்போது சுருக்கில் தொங்கினாள் என்று நாடகம் சொல்வதில்லை. ஹேமோன் முன்னதாகவே போயும் அவளை உயிரோடு பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஹேமோன் உயிரோடு இருந்தான். பிணத்துக்கு மேடு எழுப்பிக்கொண்டிருந்த நேரமெல்லாம் உயிரோடு இருந்தான்.

குகையை நெருங்கும்போது உள்ளேயிருந்து அழுகுரல். கிரியோனுக்குக் குரல் தெரிகிறது. கல்லைப் பிரித்த சந்தில் நுழைந்து பாருங்கள், அது ஹேமோன் குரலா, இல்லை தெய்வங்கள் என்னை ஏமாற்றுகின்றனவா என்று ஆட்களை அனுப்புகிறான். அப்புறம் தானே உள்ளே போய்க் கெஞ்சுகிறான்: வெளியே வா மகனே, கும்பிட்டுக் கேட்கிறேன். ஹேமோன் பேசவில்லை. அப்பாவின் முகத்தில் துப்புகிறான். வாளை உருவிப் பாய்கிறான். கிரியோன் விலகி ஓட, வீச்சு தப்புகிறது. தன் மேலேயே கோபம் திரும்பி, அதே வாளில் விலாவைச் சாய்க்கிறான். நினைவு இருக்கும்போதே அவளை அணைத்துக்கொள்கிறான். மூச்சோடு வந்த ரத்தம் அவள் வெளுத்த கன்னத்தில் தெறிக்கிறது.

அப்பாவிடம் அவ்வளவு பக்குவமாகப் பேசத் தெரிந்தவன், கடைசியில் ஒரு சொல்கூடப் பேசவில்லை.

யார் செய்தது?

தூதன் இதையெல்லாம் சொல்லும்போது கேட்டுக்கொண்டிருப்பவர்களில் கிரியோனின் மனைவி யூரிடிசியும் ஒருத்தி. அவளுக்கு நாடகத்தில் இருப்பது சில அடிகள்தான். கேட்டு முடித்ததும் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போகிறாள். அதிக மௌனமும் பயமாக இருக்கிறது என்கிறார்கள் பெரியவர்கள்.

கிரியோன் மகன் உடலோடு வருகிறான். அவனைப் பார்த்ததும் பெரியவர்கள் சொல்வதுதான் இந்த வழக்கின் தீர்ப்பு என்று எனக்குப் படுகிறது. சொல்லலாமென்றால் சொல்கிறோம், இது வேறொருவர் கொண்டுவந்த 'ஆத்தே' இல்லை, தானே தவறியது என்கிறார்கள். ஆத்தே என்பது புத்தியை மறைக்கும் கேடு, அந்தக் கேட்டால் வரும் அழிவு இரண்டுமே. முன்பு ஒரு பாட்டில் இதே பெரியவர்கள், தெய்வம் எவன் மனதை ஆத்தேக்கு இழுத்துப் போகிறதோ அவனுக்குக் கெட்டது நல்லதாகத் தெரியும் என்று பாடியிருந்தார்கள். இப்போது இவன் விஷயத்தில் தெய்வத்தை விலக்கிவிட்டுப் பேசுகிறார்கள். 'தவறியது' என்ற இடத்தில் வரும் வினைச்சொல்லும், நூறு ஆண்டுகள் கழித்து அரிஸ்டாட்டில் தம் கவிதையியலில் எடுத்துக்கொண்ட 'ஹமார்தியா'வும் ஒரே வேர். வில்லில் குறி தப்புவதற்கு வழங்கிய வேர் அது. எல்லோரும் என்னைக் குறிவைக்கிறீர்கள் என்று கத்தியவனே குறி தப்பியவனாக நிற்கிறான்.

கிரியோனும் அதை ஒத்துக்கொள்கிறான். மகனே, நீ போனது உன் புத்திக்கேட்டால் இல்லை, என் புத்திக்கேட்டால் என்கிறான். நியாயத்தை நீ பார்த்துவிட்டாய், ஆனால் தாமதமாக என்கிறார்கள் பெரியவர்கள். அந்த நேரத்தில்தான் உள்ளேயிருந்து இன்னொரு ஆள் வந்து, யூரிடிசி பலிபீடத்தருகே தன்னைக் குத்திக்கொண்டதையும், முன்பே இறந்த மூத்த மகன் மெகாரியஸுக்கும் சேர்த்து அழுது, பிள்ளைகளைக் கொன்றவன் என்று அவனைச் சபித்துவிட்டுச் செத்ததையும் சொல்கிறான்.

இரண்டு பக்கமும் நியாயம் மோதிக்கொண்ட கதை இது என்று ஜெர்மன் தத்துவஞானி ஹெகல் படித்தார். அரசின் நியாயமும் குடும்பத்தின் நியாயமும். காலை நேரத்துக் கிரியோனுக்கு அது பொருந்தும். மகனிடம் 'ஊர் என்னுடையது' என்று சொன்ன பிறகு அவன் பக்கத்தில் அரசின் நியாயம் என்று ஒன்று மிஞ்சியிருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

விதி கடைசியில் ஒருமுறை வருகிறது. நான் சாக வேண்டும், அந்த நாள் வரட்டும் என்று கிரியோன் வேண்டும்போது, வேண்டாதே, விதித்த துன்பத்திலிருந்து மனிதருக்கு விடுதலை இல்லை என்கிறார்கள் பெரியவர்கள். அவன் விழுந்ததற்கு அவர்கள் விதியைக் காரணம் காட்டவில்லை. விழுந்த பிறகு இனி இதைச் சுமந்துதான் ஆக வேண்டும் என்பதற்குத்தான் அந்தச் சொல்லை எடுக்கிறார்கள். சோஃபக்ளீஸின் ஈடிபஸும் கண்ணைக் குத்திக்கொண்டு வெளியே வந்து, இத்துன்பத்தைக் கொண்டுவந்தது அப்போலோ, குத்திய கை என்னுடையது என்று பிரித்துச் சொல்வான். அவனுக்குப் பிரித்துச் சொல்ல ஒரு அப்போலோ இருந்தான். கிரியோனுக்குப் பிரிக்க எதுவும் இல்லை.

ஒன்றுக்கும் உதவாத இந்த மனிதனை வழியை விட்டு அப்பால் கொண்டுபோங்கள் என்று அவன் வேலையாட்களிடம் கேட்கிறான். என் கையில் இருப்பதெல்லாம் கோணிவிட்டது, எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியவில்லை என்கிறான். மகன், மனைவி என்று ஒவ்வொன்றையும் தன் பேரில் எழுதிக்கொள்கிறான். பிணத்திடம் முதலில் போனதை மட்டும் யாரும் பேசவில்லை. பெரியவர்கள் கேட்கவில்லை, கூடவே போய்வந்த தூதன் எடுத்துக்காட்டவில்லை, கிரியோனும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. முதலில் அங்கே போனோம், அப்புறம் இங்கே போனோம் என்று தூதன் நடந்த வரிசையில் சொல்லிக்கொண்டு போனதோடு சரி.